ஐந்து பேரோடு பதினெட்டு வளைவு ஏறுமா? சின்ன ஜீப் வாங்க நினைக்கிறவர்களுக்கு



2020 மார்ச்சில் நின்று போன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பவும் தொடங்கியதில் இருந்து எங்கள் ஆசிரியர் அறையில் ஒரே பேச்சுத்தான். ரைஸ் எடுப்பதா, யாரிஸ் குரொஸ் எடுப்பதா, காசைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு வெசல் எடுப்பதா? இன்பொக்ஸிலும் பலர் இதையே கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதை விட, நாங்கள் பார்த்ததையும் விளங்கிக்கொண்டதையும் ஒரே பதிவாக இங்கே போடுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒரு விடயம். ஊருக்குள் ஓட இந்த மூன்றில் எதுவும் போதும். கல்முனையில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் மேசை போல சமமான ரோட். அங்கே எந்த வாகனமும் நன்றாகத்தான் ஓடும். ஆனால் நாங்கள் ஜீப் வாங்குவது ஊருக்குள் ஓட மட்டுமா? வாப்பாவை கண்டிக்கு கிளினிக் கூட்டிப்போக, பிள்ளையை பேராதனையில் கொண்டு விட, குடும்பத்தோடு ஒரு கலியாணத்துக்குப் போக. அப்படிப் போகும்போது மஹியங்கனை தாண்டி ஹுன்னஸ்கிரிய பக்கம் ஏறும் அந்த பதினெட்டு வளைவில்தான் வாகனத்தின் உண்மையான குணம் தெரியும். ஆகவே அதை வைத்தே ஒப்பிடுவோம்.

இழுவை

டொயோட்டா ரைஸின் 1000 சிசி டர்போ என்ஜின் 98 குதிரைவலு. யாரிஸ் குரொஸ் ஹைபிரிட் 1500 சிசி, மோட்டரும் சேர்த்து 116. 2021இல் வந்த புதிய வெசல் ஹைபிரிட்டில் சில்லைச் சுற்றும் மின் மோட்டர் 131. இதை மட்டும் பார்த்தால் வெசல் வெகு தூரம் முன்னால் நிற்கிறது என்று தோன்றும். ஆனால் நிறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரைஸ் ஏறக்குறைய 975 கிலோ, யாரிஸ் குரொஸ் 1170, வெசல் 1350. ஒரு தொன்னுக்கு எத்தனை குதிரைவலு என்று பிரித்தால் ரைஸ் 100, யாரிஸ் குரொஸ் 99, வெசல் 97. வெறும் வாகனமாக ரைஸ்தான் ஒரு முடி அளவு முன்னால்!

இப்போது ஆளுக்கு 65 கிலோ என்று ஐந்து பேரை ஏற்றுங்கள். டிக்கியில் 50 கிலோ சாமான். மொத்தம் 375 கிலோ. திரும்பக் கணக்குப் பார்த்தால் ரைஸ் 73, யாரிஸ் குரொஸ் 75, வெசல் 76. வரிசை அப்படியே தலைகீழ். பாரம் குறைந்த வாகனத்துக்கு அதே ஐந்து பேர் பெரிய சுமை, அவ்வளவுதான். தனியாக ஒரு ரவுண்ட் ஓடிப் பார்த்துவிட்டு "ரைஸ் பறக்குது மச்சான்" என்று சொல்கிறவரும் பொய் சொல்லவில்லை, குடும்பத்தோடு போய் வந்து "ஏத்தத்தில கத்துது" என்று சொல்கிறவரும் பொய் சொல்லவில்லை.

அதை விட முக்கியம், அந்த வலு எப்போது வருகிறது என்பது. கொண்டை ஊசி வளைவில் வேகம் நன்றாகக் குறைந்துவிடும். அங்கிருந்து திரும்ப மிதிக்கும்போது மின் மோட்டர் உடனே தள்ளும். வெசலின் மோட்டர் தரும் 253 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை ஆரம்பத்திலேயே கிடைக்கிறது. ரைஸின் 140 முழுதாகக் கிடைக்க என்ஜின் 2400 சுற்றுக்கு மேல் போக வேண்டும். அதனால் வளைவு முடிந்ததும் ஒரு சின்னத் தயக்கம், பிறகு ஓட்டம். பழகினால் சமாளிக்கலாம், ஆனால் பின்னால் பஸ் வரும்போது மனம் பதறும். யாரிஸ் குரொஸ் இரண்டுக்கும் நடுவில்.

திருப்பம்

இதில் ரைஸுக்குத்தான் மார்க்ஸ். அகலம் 1695 மில்லிமீற்றர், ஐந்து மீற்றர் ஆரைக்குள் திரும்பிவிடும். எதிரே லொறி வந்தால் ஒதுங்க இடம் கிடைக்கும். ஊரில் வீட்டு ஒழுங்கைக்குள் விடவும் இதைப் போல வராது. அடி உயரமும் 185 மில்லிமீற்றர். யாரிஸ் குரொஸ் 170தான், ஆட்கள் ஏறினால் இன்னும் இறங்கும். கிறவல் ரோட்டில் வீடு இருப்பவர்கள் இதை யோசியுங்கள்.

ஆனால் ரைஸின் உயரம் 1620. ஒடுக்கமான, உயரமான, பாரம் குறைந்த வாகனம் வளைவில் கூடுதலாகச் சாயும். வெசல் 1790 அகலம், உயரம் 1590க்குள். யாரிஸ் குரொஸும் 1765 அகலம், 1590 உயரம். இவை இரண்டும் ரோட்டில் உட்கார்ந்து போகும். பின் சீட்டில் இருக்கிற உம்மாவுக்கு தலை சுற்றுமா இல்லையா என்பது இதில்தான் இருக்கிறது. பின் சீட்டின் இடவசதியிலும் வெசலே மேல்.

இறக்கம்

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. எல்லோரும் "இழுக்குமா?" என்றுதான் கேட்கிறோம், "பிடிக்குமா?" என்று கேட்பதில்லை. ஐந்து பேரோடு வெசல் 1725 கிலோ, ரைஸ் 1350. ஒரே மலையை இறங்கும்போது வெசல் அடக்க வேண்டிய சக்தி 28 வீதம் அதிகம். முழு இறக்கத்தையும் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் பிரேக் சூடேறி, பிடி குறையும்.

ஹைபிரிட் வாகனம் இறங்கும்போது மோட்டரே பிரேக் போல வேலை செய்து பற்றரியை நிரப்புகிறது. நல்ல விடயம்தான். ஆனால் நீண்ட இறக்கத்தில் பற்றரி நிரம்பிவிட்டால் அந்த உதவி குறைந்து, என்ஜின் சத்தம் திடீரென்று கூடும். பயப்படத் தேவையில்லை, என்ஜின்தான் வேகத்தைப் பிடிக்கிறது. யாரிஸ் குரொஸிலும் புதிய வெசலிலும் கியரில் 'பி' என்று ஒன்று இருக்கிறது. அது இதற்காகத்தான். இறக்கம் தொடங்கும் முன்பே அதில் போடுங்கள். வருடக்கணக்கில் ஹைபிரிட் ஓட்டியும் அந்த 'பி'யைத் தொடாதவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

பழைய வெசல் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2013 இறுதியில் வந்த முதல் ஹைபிரிட்டில் இருப்பது இரட்டைக் கிளச் கியர்பொக்ஸ். ஆரம்ப காலத்தில் அதற்காக ஜப்பானிலேயே திருப்பி அழைத்துத் திருத்தினார்கள். புதியதில் அந்த முறையே இல்லை. பழையது எடுப்பதென்றால் ஏற்றத்தில் ஊர்ந்து போகும்போது உதறுகிறதா என்று பார்க்காமல் கைக்காசு கொடுக்காதீர்கள்.

வாங்கும் முன்

லீசிங் போட்டால் ஐந்து வருடம் எங்கள் சம்பளம் அதற்குள்தான். ஆகவே விற்கிறவர் காட்டும் ஒரு ரவுண்டை நம்ப வேண்டாம். எங்கள் கரையோரத்தில் ஏற்றமும் இல்லை. அந்த வகை வாகனம் வைத்திருக்கும் சொந்தக்காரர், சிநேகிதர் யாரோடாவது குடும்பமாக ஒரு தடவை கண்டிக்குப் போய் வாருங்கள். பெற்றோலை நீங்கள் அடியுங்கள். ஏசி போட்டு, ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, திரும்ப எடுத்துப் பாருங்கள். இறக்கத்தில் பிரேக் மிதிக்காமல் எவ்வளவு பிடிக்கிறது என்று கவனியுங்கள். பின் சீட்டில் இருந்த வாப்பாவிடம், உம்மாவிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வது யூடியூப் விமர்சனத்தை விடப் பெறுமதியானது.

பாவித்த வாகனம் என்றால் டயரில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் பழைய றப்பர் மழை ரோட்டில் பிடிக்காது.

எங்கள் முடிவைக் கேட்டால்: பெரும்பாலும் ஊருக்குள் ஓட்டம், மூன்று நான்கு பேர், வருடத்தில் ஓரிரு தடவை மலைநாடு என்றால் ரைஸ் போதும், மிச்சக் காசை பிள்ளைகளின் படிப்புக்கு வையுங்கள். மாதம் தவறாமல் ஐந்து பேரோடு கண்டி போகிற வீடு என்றால் புதிய வெசல். பெற்றோல் செலவுதான் பெரிய கவலை, ரோட்டும் நல்ல ரோட் என்றால் யாரிஸ் குரொஸ்.

எதை எடுத்தாலும் பதினெட்டு வளைவில் இறங்கும்போது மெதுவாக இறங்குங்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு. அல்லாஹ் எல்லோருடைய பயணங்களையும் பாதுகாப்பானதாக ஆக்குவானாக.

இந்த வாகனங்களை வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். வாங்கப் போகிறவர்களுக்கு உதவும்.