இளைப்பு இல்லாத நாளின் மருந்து

பிழைப்பின் பொருட்டுக் குப்பத்தில் வந்து குடியேறிய நமக்கு இவ்வூர் அந்நியமன்று. மூன்று மாநிலங்கள் கூடும் எல்லை. கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்தே ஒலிக்கின்றன. பழகாதது மேட்டு நிலத்து மார்கழிப் பனி ஒன்றே. அது தொடங்கினால் சில வீடுகளில் குழந்தைகளுக்கு இளைப்பும் தொடங்குகிறது. நான்கு வயதாகும் எங்கள் இளைய மகனும் அவர்களுள் ஒருவன்.

ஆஸ்துமாவுக்கு இருவகை மருந்துகள் உண்டு. சால்பியூட்டமால், இறுகிய மூச்சுக் குழல்களைச் சில நிமிடங்களில் தளர்த்துவது. நாள்தோறும் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு, அக்குழல்களின் அழற்சியைத் தணித்து இளைப்பு வராமல் காப்பது. முன்னதன் பயனைக் கண்ணால் காண்கிறோம். ஆதலால் அதனை மறப்பதில்லை. பின்னதன் பயனோ, ஒன்றும் நேராதிருப்பதே! கோடையில் கங்கையம்மன் திருவிழாவில் குழந்தை ஓடியாடக் கண்டதும், "இனி மருந்து எதற்கு?" என்று கேட்கத் தோன்றுகிறது. அவன் ஓடியாடுவதற்கு அம்மருந்தே துணை என்பது நினைவில் எழுவதில்லை.

"பழகிவிட்டால் விடாது" என்று பாட்டிமார் அஞ்சுவர். இஃது அடிமைப்படுத்தும் மருந்தன்று. மைக்ரோகிராம் கணக்கிலேயே அளிக்கப்படுவது. சில குழந்தைகளின் உயரம் சிறிது குறையலாம். அதனாலேயே மருத்துவர் போதுமான மிகக் குறைந்த அளவை எழுதுகிறார்.

எங்கள் இல்லத்தில் பல் துலக்குவதற்குச் சற்று முன் இன்ஹேலரின் முறை. முகமூடி பொருத்திய ஸ்பேசர் வழியாக மகன் மெல்ல மூச்சிழுக்க, அக்காள் எண்ணுகிறாள். அழும் குழந்தைக்கு மருந்து நுரையீரலைச் சரிவரச் சேராது. ஆதலால் விளையாட்டாகவே கொடுக்கிறோம். பின்னர் வாய் கொப்புளித்து முகம் துடைக்கிறோம். கொடுப்பது தாயின் பொறுப்பு. நாட்காட்டியில் குறிப்பது தந்தையின் பொறுப்பு. 200 முறைக்குரிய குப்பி, நாளுக்கு நான்கு முறையானால் 50 நாளில் தீரும். அதன் பின்னும் அழுத்தினால் சீறும், மருந்து இராது. ஆகவே கணக்கு வேண்டும். பொங்கலுக்கு ஊர் செல்லும்போது பையில் முதலில் வைப்பதும் அதுவே.

குறைப்பதையும் நிறுத்துவதையும் மருத்துவரிடம் விட்டுவிடுவோம். விலா உள்வாங்கினாலோ, பேச்சுத் தடைப்பட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, சால்பியூட்டமால் கொடுத்தவாறே உடனே மருத்துவமனை செல்வோம். அத்தகைய இரவு வாராதிருக்கவே, அன்பர்களே, நலமாயுள்ள நாளிலும் இந்த இரண்டு நிமிட உழைப்பு.