யாரு நாய் இது?

ஊர்ப்பக்கம் நாயைப் பார்த்து ஒருத்தன் கல்லெடுத்தா, பக்கத்துல நிக்கிறவன் முதல்ல கேக்குறது "யாரு நாய் இது?"ங்கிறதுதான். நாய் திருடனை விரட்டுச்சு, பாம்பைக் காட்டிக் குடுத்துச்சுன்னா, "நம்ம தெரு நாய்"னு சொல்ல பத்துப் பேரு வருவான். கடிச்சிருச்சுன்னு பேச்சு வந்துட்டா, நேத்துவரைக்கும் சோறு வச்சவன்கூட முகத்தைத் திருப்பிக்கிடுவான். இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன். உளுந்துல களையெடுப்பு முடிஞ்சு இப்பதான் உட்கார நேரம் கிடைச்சிருக்கு.

எங்களுக்கு மானாவாரிக் கரிசல் காடு. மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற சமயத்துல காட்டுப்பன்னி ஒரு ராத்திரி உள்ள புகுந்தா போதும், மூணு மாசப் பாடு மண்ணோட மண்ணு. காவலுக்கு நான் போனாலும் உண்மையான காவல் நாய்தான். நமக்குச் சத்தம் கேக்குறதுக்கு முந்தியே அது எந்திரிச்சு நிக்கும். எங்கிட்ட இருக்கிறது கன்னி ரகம், கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேல செம்புள்ளி. பொட்டை. ஆடு ஈனும்போது பத்தடி தள்ளிப் படுத்திருக்கும், கிட்ட வராது. பிறந்த குட்டியோட கண்ணைக் கொத்த காக்கா இறங்குச்சுன்னா மட்டும் பாயும். இதை அதுக்கு யாரும் சொல்லிக்குடுக்கல. எங்க ஐயா வச்சிருந்த நாயும் இப்படித்தான் செய்யும்.

நம்ம தென்மாவட்டம் நாய்க்குப் பேர்போனது. கோவில்பட்டி வட்டாரத்துல கன்னியும் சிப்பிப்பாறையும், அந்தப் பக்கம் ராஜபாளையம், தேனிப் பக்கம் கோம்பை. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல தபால்தலையே போட்டாங்க. கல்யாணப் பொண்ணுக்குச் சீராக் குடுத்து அனுப்புனதால கன்னின்னு பேர் வந்துச்சுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. ஒரு காலத்துல முயல் வேட்டைக்குத்தான் இதுகளை வளர்த்தாங்க. 1972-ல வன உயிரினச் சட்டம் வந்தபிறகு வேட்டை குத்தமாயிருச்சு. அப்புறம் காவல் வேலைக்கு வந்துச்சு. வேலை மாறுனாலும் ஆளை விட்டுப் போகல.

மாரி செல்வராஜோட 'பரியேறும் பெருமாள்' படம் 2018-ல வந்துச்சு, பார்த்திருப்பீங்க. அதுல கறுப்பின்னு ஒரு வேட்டை நாய். அதைத் தண்டவாளத்துல கட்டிப்போட்டுக் கொன்னுருவாங்க. தியேட்டர்ல எனக்குப் பக்கத்துல இருந்தவரு துண்டை வாயில வச்சுக்கிட்டு அழுதாரு. அந்த நாய் என்ன பாவம் செஞ்சுச்சு? ஒண்ணும் செய்யல. யாரு நாய்னு பார்த்துத்தான் கொன்னாங்க. வளர்த்தவன் மேல உள்ள சாதி வெறுப்பு நாய் தலையில விடிஞ்சுச்சு. படத்துல நடிச்ச அந்த நாயும் 2024 தீபாவளி சமயத்துல வெடிச் சத்தத்துக்குப் பயந்து ரோட்டுல ஓடி, வண்டியில அடிபட்டுச் செத்துப்போச்சுன்னு பேப்பர்ல படிச்சேன். ரெண்டு நாளு மனசு சரியில்ல.

இதெல்லாம் ஆளு இருக்கிற நாயோட கதை. ஆளு யாருன்னே சொல்ல முடியாத நாய்களை நான் பார்த்தது தூத்துக்குடி திரேஸ்புரத்துல.

மீன் அமிலம் போட மீன் கழிவு வாங்கத்தான் அங்க போவேன். கழிவும் நாட்டுச் சர்க்கரையும் எடைக்கு எடை கலந்து மூடி வச்சா மூணு வாரத்துல தெளிஞ்சிரும், பயிருக்கு அடிக்கலாம். பத்து வருசமாப் போறதால கடற்கரையில நாலு பேரு பழக்கம். சங்கு குளிக்கப் போற ஒரு அண்ணாச்சி, கருவாடு காயப்போடுற ஒரு ஆச்சி. முத்துக்குளி அங்க 1961-ஓட நின்னுபோச்சு, இப்ப சங்குதான். குளிக்கிறவன் கயித்தை அந்தக் காலத்துல மச்சான் கையிலதான் குடுப்பாங்களாம். தங்கச்சி தாலிக்காகவாவது கயித்தை விடமாட்டான்னு ஒரு நம்பிக்கை. அண்ணாச்சி இதைச் சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு.

வள்ளம் கரைக்கு வர்ற நேரம் நாயும் பூனையும் வரிசையா வந்து உட்கார்ந்திரும். வலையைத் தட்டும்போது விழுற பொடிமீனு அதுகளுக்கு. எந்த வள்ளத்துல எறிவாங்க, எதுல விரட்டுவாங்கன்னு எல்லாம் அதுகளுக்குத் தெரியும். ராத்திரி வள்ளத்தடியில படுத்துக்கிட்டு, புது ஆளு எஞ்சின் பக்கம் வந்தாக் குலைக்கும். கழுத்துல பட்டை கிடையாது. பேரு மட்டும் உண்டு, அதுவும் தெருவுக்கு ஒரு பேரு.

போன வருசம் ஆவணி கழிஞ்சு நான் போயிருந்தப்ப கரையில ஒரே கூச்சல். ஆச்சியோட பேரன், ஏழு வயசு, வள்ளத்துக்குப் பின்னால குட்டி போட்டிருந்த நாய்கிட்ட போயி குட்டியைத் தூக்கியிருக்கான். தாய் நாய் கெண்டைக்காலைக் கவ்விருச்சு. பையனுக்கு ரத்தம். இளவட்டப் பயலுக நாலஞ்சு பேரு துடுப்பும் கம்புமா நிக்கானுக. "யாரு நாய் இது, யாரு நாய்?"னு சத்தம். ஒருத்தரும் வாய் திறக்கல.

ஆச்சி பையனைக் குழாயடியில உட்கார வச்சு, சோப்புப் போட்டுக் கழுவிக்கிட்டே இருந்தா. யாரோ மஞ்சளும் சுண்ணாம்பும் கொண்டு வந்தாங்க, தட்டிவிட்டா. கால் மணி நேரம் கழுவிட்டுத்தான் எந்திரிச்சா. கம்போட நின்னவனுகளைப் பார்த்து, "ஏலே, அது என் நாய்தாம்ல. நாந்தான் சோறு போட்டேன். கடி பட்டது என் பேரன். உங்களுக்கு என்ன நோவு? அதை அடிச்சுக் கொன்னுட்டீயன்னா அதுக்கு வெறி இருக்கா இல்லையான்னு எவனைப் போயிக் கேப்பேன்? பத்து நாளு அது என் கண்ணு முன்னால கெடக்கணும்"னா.

எல்லாரும் அப்படியே நின்னுட்டானுக. பெரியாஸ்பத்திரியில முன்ன யாருக்கோ சொன்னதை அவ கேட்டு வச்சிருந்திருக்கா. பையனைக் கூட்டிட்டுப் போயி அன்னிக்கே முதல் ஊசி போட்டாச்சு. பத்து நாளு பார்க்குறது நாயைத்தான், ஊசிக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அப்புறம் மூணாம் நாளு, ஏழாம் நாளு, இருபத்தெட்டாம் நாளுன்னு தவறாமப் போட்டாங்க.

நான் அடுத்த தடவை போனப்ப பதினஞ்சு நாளு ஆயிருந்துச்சு. நாய் உசுரோட, தெம்பா, குட்டிகளோட கெடந்துச்சு. "பத்து நாளும் கயித்துல கட்டி வச்சு, தட்டுல சோத்தை எட்ட இருந்து தள்ளிவிட்டேன் அண்ணாச்சி. திங்குதா, தண்ணி குடிக்கான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். பேரனைப் பார்த்தா அழுகை வரும், இதைப் பார்த்தாலும் அழுகை வரும்"னு சொன்னா. குட்டிக பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை பண்ணி, தடுப்பூசி போட்டு, காதுல சின்ன வெட்டோட கொண்டுவந்து விட்டுட்டாங்க. அதுக்குக் கூட்டிக்குடுத்ததும் ஆச்சிதான்.

அந்தச் சமயம் டிவியில எல்லாம் இதே பேச்சு. 2025 ஆகஸ்ட் 11-ல டெல்லித் தெருநாய் எல்லாத்தையும் பிடிச்சு அடைக்கணும்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லுச்சு. 22-ஆம் தேதி அதை மாத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு பிடிச்ச இடத்துலயே விடணும், வெறி பிடிச்சதையும் மூர்க்கமானதையும் விடக் கூடாதுன்னாங்க. நவம்பர்ல பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையத்துல இருந்து நாயை அப்புறப்படுத்தச் சொன்னாங்க. டீக்கடையில ஒரு கூட்டம் "எல்லாத்தையும் கொல்லு"ங்கும், இன்னொரு கூட்டம் "வாயில்லா ஜீவன்"ங்கும்.

எனக்கு ரெண்டு பக்கமும் தெரியும். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் பட்டியில புகுந்து ராத்திரியில ஆடுகளைக் குதறிப் போட்டுச்சுன்னு விவசாயிக செத்த ஆட்டோட ரோட்டுல வந்து உட்கார்ந்தாங்க. நானும் ஆடு வச்சிருக்கவன், அந்த வயித்தெரிச்சல் புரியும். வெறிநாய்க்கடி நோய் வெளியில தெரிய ஆரம்பிச்சா அநேகமா யாரும் பிழைக்கிறதில்ல, அதுவும் தெரியும். பிள்ளையை விட நாய் பெருசுன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா திரேஸ்புரத்துல அந்தப் பையனுக்கும் நாய்க்கும் சேர்த்து நல்லது செஞ்சது, கூட்டத்துக்கு நடுவுல "அது என் நாய்"னு சொன்ன ஒரு குரல்தான். பாசம்னா மடியில வச்சுக் கொஞ்சுறது மட்டுமில்ல. பழி வர்ற அன்னிக்கு நின்னு பதில் சொல்லணும். பிஸ்கட்டு போடுறவங்க ஊசிக்கும் ஒரு நாளு கூட்டிப் போகணும். சோறு போடுற ஆளு இல்லாத நாயை எவன் பத்து நாளு கவனிப்பான்?

நம்ம ஊரு ஆளுகளுக்கு ஒண்ணு சொல்லிக்கிடுதேன். குட்டிக்கு மூணு மாசத்துல முதல் வெறிநாய்த் தடுப்பூசி, அப்புறம் டாக்டர் சொல்ற தேதியில இன்னொண்ணு, அதுக்கப்புறம் வருசா வருசம். செப்டம்பர் 28 உலக வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பு நாள், அதை ஒட்டி கால்நடை ஆஸ்பத்திரியில முகாம் போடுவாங்க, விசாரிச்சுக்கோங்க. காட்டு நாய், களத்து நாய், தெரு நாய்னு பார்க்காம, நீங்க சோறு வைக்கிற நாய் எதுவோ அதைக் கூட்டிட்டு வாங்க. கயிறு இல்லைன்னா எங்கிட்ட ரெண்டு மூணு கிடக்கு, தாரேன்.