கொல்கத்தாவின் சாக்கடை தெளியும் இடம்

கொல்கத்தாவுக்கு மேற்கே ஹூக்ளி ஆறு ஓடுகிறது. ஆனால், ஊர்ச் சாக்கடை அந்தப் பக்கம் போவதில்லை. நிலம் கிழக்கே சரிந்திருப்பதால், கால்வாய்களில் கிழக்கு நோக்கியே வருகிறது. நகரத்தின் கடைசிக் கட்டடங்களைத் தாண்டினால் மீன் ஏரிகள், காய்கறித் தோட்டங்கள், நெல் வயல்கள் என 12,500 ஹெக்டேர் விரிந்து கிடக்கிறது. 2002-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்புநிலம் இது. மீன் ஏரிக்கு இங்கே ‘பேரி’ என்று பெயர். தமிழில் அது முரசு!

சாக்கடையில் ரோகு, கட்லா வளர்க்கிறார்கள் என்றதும் முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால், கால்வாயில் வரும் கறுப்புத் தண்ணீரை யாரும் அப்படியே மீன் மேல் திறந்துவிடுவதில்லை. ஓடும் தண்ணீர் மண்ணைச் சுமந்து வரும். வேகம் குறைந்தால் இறக்கிவிடும். ஆற்றுக் கலங்கலைக் குடத்தில் வைத்தால் காலையில் அடியில் வண்டல் நிற்குமே, அதே கதைதான். அதற்காகவே பேரிக் கரையோரம் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். கனமான கசடு அங்கேயே தங்கிவிடும். ஓரத்து ஆகாயத்தாமரை எண்ணெயையும் மிதக்கும் குப்பையையும் பிடித்து வைக்கும். குஞ்சு விடுவதற்கு முன் முதல் தண்ணீரை இரண்டு வாரத்துக்கு மேல் சும்மா நிறுத்துகிறார்கள். மீதி வேலையை வெயிலும் பாசியும் பார்த்துக்கொள்ளும்.

நகரத்துச் சுத்திகரிப்பு நிலையங்களில் சிமென்ட் தொட்டி செய்வதும் இதே முதல் வேலைதான். சுமார் இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றாலே மிதக்கும் திடக்கசடில் பாதிக்கு மேல் அடியில் இறங்கிவிடும். ஆனால், கரைந்த உப்பு இறங்காது. கிருமிகளிலும் பெரும்பகுதி தண்ணீரிலேயே நிற்கும். தெளிந்துவிட்டது என்பதற்காக அந்தத் தண்ணீரைப் பச்சையாகத் தின்னும் கீரைக்குப் பாய்ச்சக் கூடாது.

குளிர்காலத்தில் பேரியை வடித்துக் காயவிட்டு, வண்டலை வெட்டிக் கரையில் போடுகிறார்கள். கரை பலப்படும், அதில் காய்கறியும் வரும். தோல் ஆலைக் கழிவு கலந்தால் மட்டும் கணக்கு மாறிவிடும். குரோமியமும் கசடோடு கசடாக அடியில்தான் படியும். அதை எரு என்று அள்ள முடியாது.

வண்டல் வெட்டக் கூலி அதிகம் என்று தள்ளிப்போட்டால், பேரியின் ஆழம் வருடா வருடம் குறையும். ஒருகாலத்தில் வித்யாதரி ஆறு வழியாகக் கடல்நீர் ஏறி, இங்கே உப்புநீர் மீன் வளர்ந்தது. அந்த ஆறும் வண்டல் தூர்ந்துதான் செத்துப்போனது.