மஹய்யாவவிற் கேட்ட கப்பற் பேச்சு

கண்டி நகரத்திலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் வீதியிற் சிறிது தூரம் சென்றால் மஹய்யாவ வந்துவிடும். உல்லாசப் பிரயாணிகளின் குறிப்பேடுகளில் இப்பெயரைக் காண்பது அரிது. தலதா மாளிகை உண்டு, குளம் உண்டு, பேராதனைப் பூங்கா உண்டு, மஹய்யாவ இல்லை. ஆனால், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் சீகிரியாவுக்கும் அவர்களை ஏற்றிச் செல்லும் பஸ் வண்டிகள் இவ்வழியேதான் போகின்றன. யாழ்ப்பாணம் வரை நீளும் ஏ-9 நெடுஞ்சாலையின் தொடக்கமும் இதுவே. 1880-ஆம் ஆண்டு மாத்தளை வரை போடப்பட்ட புகையிரதப் பாதையும் இப்பகுதியை ஊடறுத்துச் செல்கிறது.

கண்டிக்கு மாநகர சபை ஏற்பட்டது 1865-இல். நகரத்தின் வீதிகளைக் கூட்டவும், குப்பைகளை அள்ளவும், கான்களைச் சுத்தம் செய்யவும் ஆள் வேண்டியிருந்தது. தேயிலைக்கும் கோப்பிக்கும் எங்கிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்களோ, அதே தென்னிந்தியக் கிராமங்களிலிருந்தே இதற்கும் ஆட்கள் வந்தனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் பலர் இன்றும் மஹய்யாவவில் உள்ள மாநகர சபைக் குடியிருப்புகளில் வாழ்கின்றனர். நாற்புறமும் மலை சூழ்ந்த இவ்விடத்துக்கும் கடலுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையென்று தோன்றும். உண்மையில், இங்குள்ள ஒவ்வொரு குடும்பத்தின் கதையும் ஒரு தோணியிலோ கப்பலிலோதான் தொடங்குகிறது.

சென்ற தை மாதத்தில் ஒருநாள் இங்குள்ள தேநீர்க் கடையொன்றில் நாம் அமர்ந்திருந்தபோது, வாடகை வான் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர்கள் இலண்டனில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தினர். கணவன், மனைவி, பிள்ளைகள் இருவர். உலகம் சுற்றும் உல்லாசக் கப்பல் ஒன்றில் அன்று காலை கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கியவர்கள். அந்த அம்மையாரின் தாயார் பிறந்தது மஹய்யாவவில். அந்த வீடு இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தார்கள். வானோட்டி மட்டும் நிமிஷத்துக்கொரு தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் கேட்டோம். மாலை குறித்த நேரத்துக்குள் கப்பலுக்குத் திரும்பாவிட்டால் கப்பல் போய்விடுமாம்!

இந்த விதி பலருக்குத் தெரியாது. கப்பற் கம்பெனியே ஏற்பாடு செய்யும் சுற்றுலாவிற் போனவர்களுக்குத் தாமதம் நேர்ந்தால், வழக்கமாகக் கப்பல் காத்திருக்கும். தாமாக வண்டி பிடித்துப் போனவர்களுக்காகக் காத்திராது; அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவிற் போய்ச் சேர வேண்டியதுதான். கொழும்பிலிருந்து கண்டி சுமார் 115 கிலோமீட்டர்; மலைப்பாதையில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. போகவும் வரவுமே பகலின் பெரும்பகுதி கழிந்துவிடும். “கம்பெனிச் சுற்றுலாவிலேயே வந்திருக்கலாமே?” என்றோம். “வந்திருக்கலாம் ஐயா. ஆனால் அந்தப் பஸ் மஹய்யாவவில் நிற்காதே” என்றார் அந்த அம்மையார்.

தேநீர் வரும் வரையிற் கப்பல் வாழ்க்கையைப் பற்றிப் பேச்சு எழுந்தது. கணவர் சொன்ன முதற் குறை நமக்குச் சிரிப்பை வரவழைத்தது. மேற்றளத்தில் நீச்சற் குளத்தைச் சுற்றிச் சாய்வு நாற்காலிகள் இருக்கின்றனவாம். விடியற்காலையிலேயே சிலர் வந்து அவற்றின்மேல் துவாயை விரித்துவிட்டு உறங்கப் போய்விடுகிறார்களாம். நண்பகல் வரை அந்த நாற்காலியில் ஆளே இல்லை. கேட்பாரற்ற துவாயைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுச் சிப்பந்திகள் எடுத்துவிடலாம் என்று விதி இருக்கிறது. எடுக்கத்தான் எவரும் துணிவதில்லை. துண்டு போட்டு இடம் பிடிக்கும் கலை நம்மவருக்கே உரியது என்றல்லவா நாம் நினைத்திருந்தோம்! பஸ் நிலையத்தில் வண்டி நிற்குமுன்னே ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறியும் நம்மூர்க்காரர், ஆயிரக்கணக்கான பவுண் கொடுத்துக் கப்பலேறும் கனவான்களிடமிருந்து அதிகம் வேறுபட்டவரல்லர் போலும்.

உடை பற்றியும் கருத்து வேற்றுமை உண்டு. சில இரவுகளில் உணவு மண்டபத்துக்குக் கோட்டும் கழுத்துப் பட்டியும் அணிந்தே வரவேண்டுமென்பது பழைய சம்பிரதாயம். இக்காலத்திற் பல கப்பல்கள் இதைத் தளர்த்திவிட்டன. விடுமுறைக்கு வந்த இடத்திலும் கழுத்தை இறுக்குவதா என்பது ஒரு சாரார் கட்சி. அரைக்காற் சட்டையோடு விருந்துக்கு வருவது பக்கத்திலிருப்பவரை அவமதிப்பது என்பது மற்றவர் கட்சி. அந்த அம்மையார் பட்டுச் சேலை உடுத்திப் போனாராம். எந்தக் கட்சியும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

கை கழுவும் விஷயத்தில் நாம் கப்பற்காரரின் பக்கமே. வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாக்கும் நோரோ வைரசுக் கிருமி, அடைபட்ட இடத்தில் வெகு விரைவிற் பரவும். அதனால் உணவு மண்டப வாயிலில் ஒருவர் நின்று, வருவோரையெல்லாம் கையைச் சுத்தம் செய்யச் சொல்கிறார். மதுசாரம் கலந்த களிம்பைத் தடவிக்கொண்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். இந்தக் கிருமிக்கு அது போதாது. சவர்க்காரமும் ஓடும் நீருமே நல்ல பரிகாரம். வெளியே போய் வந்தாற் கைகால் கழுவாமல் அடுப்படிப் பக்கம் வராதே என்று வீட்டுக்கு வீடு பாட்டிமார் போட்ட சட்டத்துக்கு எவரும் கப்பலில் வந்து ஆட்சேபம் சொல்ல முடியாது.

இன்னொரு விதி, பிரயாணிகள் பெரிதும் முணுமுணுப்பது; நாம் பெரிதும் ஆதரிப்பது. கப்பலேறியதும் அபாய காலத்தில் எங்கே கூடவேண்டும், மிதவைச் சட்டையை எவ்வாறு அணியவேண்டும் என்று எல்லாருக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். 1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது அதில் 2,200 பேர் வரையில் இருந்தனர். உயிர் காக்கும் படகுகளில் இடமோ 1,178 பேருக்கே இருந்தது. சுமார் 1,500 பேர் மாண்டனர். அதன் பயனாக 1914-இல் கடலில் உயிர்ப்பாதுகாப்புப் பற்றிய முதல் சர்வதேச ஒப்பந்தம் உண்டாயிற்று. 2012 சனவரி 13-ஆம் தேதி இத்தாலியக் கரையோரத்தில் கொஸ்தா கொன்கோர்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் இறந்தனர். அன்றே ஏறிய பிரயாணிகள் பலருக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினாற் போதும் என்பதே அக்கால விதி. 2015 முதல், கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனேயே பயிற்சி நடைபெறல் வேண்டும் என்று மாற்றப்பட்டது. அரைமணி நேரம் வீணாயிற்று என்று அலுத்துக்கொள்வோர் இதை அறிவது நல்லது.

பிள்ளைகள் இருவர் கழுத்திலும் நாடாவிற் கோத்த அட்டை தொங்கிற்று. அறைக் கதவைத் திறப்பதற்கும், கடையிற் பொருள் வாங்குவதற்கும், கப்பலிலிருந்து இறங்கி ஏறுவதற்கும் அவ்வட்டையே சாதனமாம். அதைக் கண்டதும் நம் நினைவு வேறெங்கோ போயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டுத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரின் கழுத்திலும் ஒன்று தொங்கிற்று; தகரத்தாலான வில்லை. எந்தத் தோட்டத்துக்குரியவர் என்பதைக் காட்டும் எழுத்தும் எண்ணும் அதிற் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வில்லையைக் காட்டினாற் பிரயாணச் சீட்டு வேண்டியதில்லை. ஆனால் அந்தச் செலவு தொழிலாளரின் கடனோடு சேர்ந்துவிடும். மண்டபம் முகாமில் அவர்களைத் தங்கவைத்து, துணிகளுக்குக் கிருமி நீக்கம் செய்து, அம்மைப் பால் குத்தி, அதன் பின்னரே கப்பலேற்றினர். அதற்கும் முந்திய தலைமுறையினருக்கு இந்த வசதியும் இல்லை. அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளூடாக மாத்தளை வரை நடந்து வந்தனர். காய்ச்சலாலும் பேதியாலும் வழியிலேயே மடிந்தவர் பலர்.

பிரயாணிகளின் அபிப்பிராயத்துக்குக் கப்பற் கம்பெனிகள் செவிசாய்த்த காலமும் ஒன்று இருந்தது. போட்டி வந்த காலம் அது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி தனியாட்சி செலுத்திக்கொண்டிருந்தபோது, வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தொடங்கினார். மறு ஆண்டிற் காலியோ, லாவோ என்ற கப்பல்கள் வந்தன. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், இறுதியில் இலவசமாக ஏற்றிச் சென்று குடையும் கொடுக்க முன்வந்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். பிள்ளையவர்கள் 1908-இற் சிறை சென்றார். 1911-இற் கம்பெனி கலைக்கப்பட்டது. அதன்பின் குடை கொடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் நேரவில்லை!

இலண்டன் குடும்பம் தேடிய வீடு கிடைக்கவில்லை. அவ்விடத்தில் வேறு கட்டடம் எழுந்துவிட்டது. அந்த அம்மையார் சற்று நேரம் அதன் எதிரே நின்றார். படம் ஒன்றும் எடுக்கவில்லை. வானோட்டி ஒலியெழுப்ப, எல்லாரும் ஏறிக்கொண்டனர். புறப்படுமுன், பிள்ளைகளுள் மூத்தவள், கப்பலில் தங்கள் அறையைத் துப்புரவு செய்பவர் இந்தோனேசியர் என்றும், மாதக்கணக்கில் வீட்டுக்குப் போகாமல் இருக்கிறார் என்றும், தன் வயதில் அவருக்கு ஒரு மகள் உண்டென்றும் சொன்னாள். அவருடைய பெயரையும் அறிந்திருந்தாள். சிப்பந்திகளுக்கான அன்பளிப்பென்று நாளொன்றுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிற் சேர்த்துவிடுகிறார்களே, அது நியாயமா என்று அவளுடைய தகப்பனார் முன்னர் கேட்டிருந்தார். இக்கப்பல்களிற் பல பனாமா, பஹாமாஸ் போன்ற நாடுகளின் கொடியைப் பறக்கவிட்டுக்கொண்டு ஓடுவன; ஊழியச் சட்டமும் வரியும் அதற்கேற்ப இலேசாகிவிடும். 2006-இல் உருவாகி 2013-இல் நடைமுறைக்கு வந்த கடற்றொழிலாளர் உடன்படிக்கையின்படியும், ஒருவரை ஒரு நாளிற் பதினான்கு மணி நேரம் வரை வேலை வாங்க இடமுண்டு. அந்த அன்பளிப்பைக் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லும் உரிமை சில கப்பல்களிற் பிரயாணிக்கு இருக்கிறது. நம்மைக் கேட்டால், சம்பளத்தை முறையாகக் கொடுக்கவேண்டியது முதலாளி. அதற்காகத் துடைப்பம் பிடித்தவரின் வயிற்றிலடிப்பது அழகன்று. மஹய்யாவவில் நின்றுகொண்டு வேறு விதமாகச் சொல்ல நமக்கு வாய் வராது.

வான் மறைந்ததும், கடை வாயிலில் இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் நம்மிடம் வந்தார். நகரசபையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். “மாஸ்டர், காங்கேசன்துறையிலேயிருந்து ஓடுகிற கப்பலுக்கும் இப்படித்தான் சட்டம் இருக்குதா?” என்று கேட்டார். அவருடைய தங்கை 1973-இல் இந்தியாவுக்குப் போனவர்.

1964 அக்டோபர் 30-ஆம் தேதி கையொப்பமான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்குவதென்றும் கணக்குத் தீர்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டது. 1914 முதல் அங்கிருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பல், பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து ஓடலாயிற்று. சில மணி நேரக் கடல்தான். ஆனால் போனவர்கள் திரும்பி வருவதற்காகப் போனவர்களல்லர். மலைநாட்டு நிலையங்களிலிருந்து அவர்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு ‘அழுகைக் கோச்சி’ என்று மக்களே பெயரிட்டனர். எவற்றை எடுத்துச் செல்லலாம், எவ்வளவு நகை, எவ்வளவு பணம் என்பதற்கெல்லாம் அன்று வரையறை இருந்தது. தங்கை கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன மூக்குத்தி மூதாட்டியின் மூக்கில் இருக்கிறது. “சட்டம் தெரியாமல் பயந்து கழற்றினாளோ, எனக்கு இருக்கட்டும் என்று கழற்றினாளோ, தெரியாது” என்றார்.

தங்கை மண்டபம் முகாமில் இருந்துவிட்டுக் கூடலூர்ப் பக்கம் போனார். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்கென்று தமிழ்நாட்டரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில் கொழுந்தெடுத்தார். 1984-இல் யுத்தம் காரணமாகத் தலைமன்னார்க் கப்பல் நின்றது. 2011-இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே ஓடத் தொடங்கிய கப்பல், அந்த ஆண்டு முடியுமுன்னரே ஓய்ந்துவிட்டது. 2023 அக்டோபர் 14-ஆம் தேதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்குமிடையே ‘செரியபாணி’ ஓடத் தொடங்கிச் சில நாட்களில் நின்றது. 2024 ஆகஸ்டு 16-இல் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு அச்சேவை மீண்டும் தொடங்கிற்று.

மூதாட்டியின் பேரன் தன் கைப்பேசியில் ஆங்கிலத்திலிருந்த விதிகளை எடுத்து நம்மிடம் நீட்டினான். கடவுச்சீட்டு வேண்டும், விசா வேண்டும், இத்தனை கிலோவுக்கு மேற்பட்ட சாமானுக்குத் தனிக் கட்டணம், குறித்த நேரத்துக்கு வெகு முன்னரே துறைமுகத்துக்கு வந்துவிடவேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தமிழிற் சொன்னோம். மழைக்காலத்திற் கடல் கொந்தளித்தாற் சேவை நிறுத்தப்படும் என்பதையும் சொல்லி வைத்தோம். வாசலில் நிற்கும் பஸ்ஸில் ஏறினால் ஏறக்குறைய 320 கிலோமீட்டரில் யாழ்ப்பாணம். அங்கிருந்து காங்கேசன்துறை தொலைவில்லை. பாட்டனார் நடந்து வந்த திசையிலேயே பேத்தி பஸ்ஸிற் போகப் போகிறார்.

“புளிச்சோறு கொண்டு போகலாமா?” என்று கேட்டார். தடையிருக்காது என்றோம். “தேயிலை?” தாராளமாக. “வாசலிலே நிற்கிற கறிவேப்பிலைக் கன்று?” வேரும் மண்ணுமாகச் செடியைக் கொண்டுபோக வேண்டுமானால் முன்கூட்டியே அனுமதிப் பத்திரம் பெறவேண்டும், இல்லையேற் சுங்கத்திற் பறித்துக்கொள்வர், ஒரு நாட்டுப் பயிர்நோய் மறு நாட்டிற் பரவாமலிருக்க ஏற்பட்ட விதி அது என்று விளக்கினோம். மூதாட்டி சிறிது நேரம் யோசித்தார். பிறகு பேரனைப் பார்த்து, “அப்ப அதுக்கும் சேர்த்து இன்னும் ரெண்டு கிலோ தேயிலை எழுதிக்கோ” என்றார்.