ஒன்பதாவது பைக்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்கால் மணி. அத்திபெலேயில் டீக்கடைகள் மட்டுமே விழித்திருக்கின்றன. பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில் கர்நாடகம் இங்கே முடிகிறது. பெயர்ப் பலகைகளில் கன்னடம் ஓய்வதற்குள் தமிழ் தொடங்கிவிடும். சர்வீஸ் ரோட்டில் தகரக் கூரை போட்ட ஒரு மெக்கானிக் பட்டறையின் முன்னால் ஒன்பது மோட்டார் சைக்கிள்கள் வந்து நிற்கின்றன. வந்தவர்களில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் உண்டு, பல் டாக்டர் ஒருவர் உண்டு, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியும் உண்டு. "அண்ணா, காத்து மட்டும் பாத்துடுங்க" என்கிறார்கள்.

அண்ணாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. டயரைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் மீட்டரை வைப்பார். பட்டறைக்குப் பின்னால் வீடு. ஜன்னலில் அவர் மனைவி நின்றுகொண்டிருக்கிறார். வண்டிகளை எண்ணுகிறார். ஒன்பது.

அவர்கள் போவது ஏலகிரிக்கு. அந்த மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குப் புலவர்களின் பெயரும் வள்ளல்களின் பெயரும் வைத்திருக்கிறார்கள். கம்பரில் சாய்ந்து கபிலரில் நிமிரும் பாக்கியம் வேறு எந்த நாட்டு ஓட்டுநருக்கும் கிடையாது. சங்க இலக்கியத்தைப் பாடமாகப் படித்தவர்களில்கூட இத்தனை பயபக்தியோடு கபிலரை அணுகியவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

அதிகாலைத் தூக்கத்தை விட்டுவிட்டு ஒரு வளைவுக்காக நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வைப்பது எது? வேகம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மெக்கானிக் ஒப்புக்கொள்வதில்லை. "நேர் ரோட்டுல ஆக்சிலேட்டரை முறுக்குறதுக்கு என்ன தெரியணும்? திரும்புறதுலதான் இருக்கு எல்லாம்" என்கிறார். கொஞ்சம் வேகமெடுத்துவிட்ட மோட்டார் சைக்கிள் வித்தியாசமான பிராணி. இடதுபக்கம் திரும்ப வேண்டுமானால் இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். சக்கரம் ஒரு கணம் வலதுபுறம் திரும்பும், வண்டி இடதுபுறம் சாயும், சாய்வுதான் திருப்பம். பைக் ஓட்டும் எல்லோரும் தெரியாமலே இதைச் செய்கிறார்கள். பந்தயக்காரன் தெரிந்து செய்கிறான். அந்த இரண்டு, மூன்று விநாடி ரோட்டோடு வண்டியைப் பிடித்து வைத்திருப்பது உள்ளங்கை அகல ரப்பர். அப்போது கடன் நினைவுக்கு வராது, வாடகை நினைவுக்கு வராது. "சாமி கும்பிடும்போதுகூட எனக்கு மனசு அப்படி நின்னது கிடையாது."

அவரைப் பிடித்த பேய்க்கு ஊர் சோழவரம். சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையில், இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளம் அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத் திடலாக்கியது. 1980களின் கடைசியில் பெங்களூர்ப் பட்டறை ஒன்றில் எடுபிடியாக இருந்த பையன், முதலாளியின் ஸ்பானர் பெட்டியோடு லாரியின் பின்புறம் உட்கார்ந்து அங்கே போய்ச் சேர்ந்தான். அதுவரை அவன் ஓட்டிப் பழகியதெல்லாம் ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்த டிவிஎஸ் 50தான். சோழவரத்தில் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களின் நீலப் புகையும் எண்ணெய் கருகும் வாசனையும் இரண்டு நாள் சட்டையை விட்டுப் போகவில்லை. சட்டையைத் துவைக்கக் கூடாது என்று அம்மாவிடம் சண்டை போட்டதாக இப்போது சிரிக்கிறார்.

அந்தத் தலைமுறைக்கு வாய்த்த வண்டிகள் அப்படி. மைசூரில் செய்த யெஸ்டி. ராஜ்தூத் பெயரில் வந்த 347 சிசி யமஹா ஆர்டி 350. பெட்ரோலைக் குடித்தே முதலாளியை ஓட்டாண்டியாக்கிய வண்டி. பிறகு 1985இல் வந்த ஆர்எக்ஸ் 100. வெறும் 98 சிசி, 11 குதிரைசக்தி. காகிதத்தில் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் எடை குறைவு. சிலிண்டரில் காற்றும் பெட்ரோலும் புகும் துவாரங்களை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினால் வேறு வண்டியாகிவிடும். 1996இல் உற்பத்தி நின்றது. அத்திபெலே பட்டறைக்கு இன்றும் ஆர்எக்ஸ் 100 வருகிறது. புது வண்டிக்குக் கொடுக்கும் பணத்தைக் கொடுத்துப் பழைய வண்டியை வாங்கியவர்கள் கொண்டுவருகிறார்கள்.

1990இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் வந்தது. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். பையனும் வளர்ந்திருந்தான். கடன் வாங்கிய ஆர்எக்ஸ், இரவல் உடை. ஆறு பந்தயங்கள் ஓட்டினார். பலன்: ஒரு மூன்றாம் இடம், முறிந்த காறை எலும்பு ஒன்று, அடைக்க இரண்டு வருஷமான டயர் கடன். கம்பெனி அணிகளில் இடம் பிடித்தவர்களுக்குத்தான் அதில் பிழைப்பு. எல்லைக்கு அந்தப் பக்கம், ஏழெட்டு கிலோமீட்டரில் ஓசூர். டிவிஎஸ் 1982லிருந்தே பந்தய அணி வைத்திருக்கிறது. அந்த வாசல் அவருக்குத் திறக்கவில்லை. எலும்பு கூடியது, கல்யாணம் ஆனது, அதோடு சரி.

திறந்தவர்களும் இருக்கிறார்கள். பெங்களூரின் சி.எஸ். சந்தோஷ் 2015இல் டக்கார் ராலியை 36ஆவது இடத்தில் முடித்தார். பைக்கில் அதை முடித்த முதல் இந்தியர். 2021இல் அதே ராலியில் சவூதி அரேபியப் பாலைவனத்தில் விழுந்தார். டாக்டர்கள் அவரைச் செயற்கை மயக்கத்தில் வைத்திருந்தார்கள். பிழைத்து வந்தார். அதே பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019இல் பாஹா உலகக் கோப்பையின் பெண்கள் பிரிவில் பட்டம் வென்றார். பட்டறைச் சுவரில் இருவரின் படங்களும் ஒட்டியிருக்கின்றன. மெக்கானிக்கின் மகன் ஒட்டியவை. அவனுக்கு இப்போது பதினைந்து.

2023இல் அவனுக்குப் பதின்மூன்று. கியர் வண்டியை ரோட்டில் ஓட்டப் பதினெட்டு வயதாக வேண்டும் என்கிறது சட்டம். பந்தயத் தடத்துக்கு அந்தக் கணக்கு இல்லை. சிறுவர்களுக்கென்றே பயிற்சியும் போட்டிகளும் உண்டு. அந்த வருஷம் அவனைப் பயிற்சியில் சேர்ப்பதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். பழைய தோல் உடை ஒன்றை வாங்கித் தோளையும் முழங்காலையும் பிரித்து அளவு குறைத்துத் தைத்தும் ஆகிவிட்டது. ஆகஸ்ட் 5ஆம் தேதி இருங்காட்டுக்கோட்டையில் தேசியப் போட்டியின் சுற்று. புதியவர்களுக்கான பந்தயத்தில், முதல் வளைவை விட்டு வெளியேறும்போது பெங்களூரைச் சேர்ந்த ஒரு சிறுவன் விழுந்தான். தலையில் அடி. ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். மிச்சமிருந்த பந்தயங்களை ரத்து செய்தார்கள். அந்தச் சிறுவனுக்கும் வயது பதின்மூன்று.

தோல் உடையை அம்மா பீரோவில் வைத்துப் பூட்டினார். யாரும் எதுவும் பேசவில்லை.

உலகத்தில் இந்தக் கேள்வி புதிதல்ல. ஐல் ஆஃப் மேன் தீவின் சாதாரணச் சாலைகளில் 1907லிருந்து பந்தயம் நடக்கிறது. இன்றைய மலைச்சுற்று 60 கிலோமீட்டர், இரண்டு பக்கமும் கல்சுவர்களும் வீடுகளும். அங்கே இறந்தவர்கள் 260க்கும் மேல். ஆனாலும் வருஷா வருஷம் பெயர் கொடுக்க ஆள் இருக்கிறது. விவரம் தெரியாதவர்கள் என்று இவர்களைச் சொல்லிவிட முடியாது. வேறு யாரையும்விட இவர்களுக்குத்தான் விவரம் தெரியும்.

அப்பாவிடம் ஒரு வாதம் உண்டு. தடத்தில் எதிரே லாரி வராது, மாடு வராது. விழுந்தால் சறுக்கிப் போக இடம் விட்டிருப்பார்கள். ஆம்புலன்ஸ் எஞ்சினை அணைக்காமல் நிற்கும். அவர் கடை வைத்திருக்கும் சாலையில் இதில் எதுவும் இல்லை. 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை, அதில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனங்களில் போனவர்கள். பால் வாங்கவும் வேலைக்குப் போகவும் கிளம்பியவர்கள். உண்மையாகவே பந்தயம் ஓட்டியவர்கள் ஓசூர் ரோட்டில் அறுபதைத் தாண்டுவதில்லை என்பது அவர் அனுபவம். அவரும் தாண்டுவதில்லை.

வாதம் நல்ல வாதம்தான். ஆனால் அது ஒரு அம்மாவிடம் சொல்லக்கூடியதில்லை என்பது அவருக்கும் தெரியும். அந்த மனைவி கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தப் பையனோட அப்பாவுக்கும் இதெல்லாம் தெரிஞ்சிருக்கும் இல்லீங்க?"

இப்போது பயிற்சி முகாம் ஒன்றின் படிவம் வந்திருக்கிறது. பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரே ஒரு கோடு. படிவம் மூன்று வாரமாக ஸ்பானர் பெட்டியின் கீழ்த்தட்டில் கிடக்கிறது. ஓரத்தில் கிரீஸ் பட்டுவிட்டது. மகன் நச்சரிப்பதில்லை. பள்ளிக்கூடம் போகிறான், வந்தால் கார்புரேட்டர் கழுவுகிறான். சாலையில் போகும் வண்டியைப் பார்க்காமலே சத்தத்தை வைத்துப் பெயர் சொல்கிறான். எந்த கியரில் போகிறது என்றும் சொல்வான். அப்பாவுக்கு அது பெருமைதான். வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறார்.

மாலை ஐந்து மணிக்கு ஏலகிரி போனவர்கள் திரும்புகிறார்கள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் எல்லார் முகத்திலும் ஒரே மாதிரிக் கோடுகள், ஒரே மாதிரிச் சிரிப்பு. பல் டாக்டர் கையை விமானம்போலச் சாய்த்துச் சாய்த்து ஏதோ ஒரு வளைவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். ஜன்னலில் நின்றவர் வாசலுக்கு வந்துவிட்டார்.

"எட்டுதான் இருக்கு" என்கிறார்.

"சூளகிரி தாண்டி டீ குடிக்க நின்னாருக்கா, வந்துடுவார்" என்கிறான் ஒரு இளைஞன். மற்றவர்கள் பேச்சைத் தொடர்கிறார்கள். அந்த அம்மா உள்ளே போகவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தபடி ஓசூர்ப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறார். லாரிகள் போகின்றன, தமிழ்நாட்டு பஸ் ஒன்று போகிறது. மெக்கானிக் கையிலிருந்த செயினைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து பக்கத்தில் நிற்கிறார். இருபது நிமிஷம்.

மகன் பட்டறைக்குள்ளிருந்து தலையைத் தூக்கினான்.

"வந்துட்டாரும்மா. மூணாவது கியர்."

சாலையில் அப்போது எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான், ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னாலிருந்து, வங்கி அதிகாரியின் பழைய யெஸ்டி வெளியே வந்தது.