சொல்லாத இருமல்

முன்பெல்லாம் ஆசாரிபள்ளம் வழியாகப் பஸ் போகும்போது பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். 2001-இல் மருத்துவக் கல்லூரி வருவதற்கு முன் அங்கே இருந்தது டி.பி. ஆஸ்பத்திரி. 'ஆசாரிபள்ளத்துல கெடக்காரு' என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், என்ன நோய் என்று யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை.

பெரிய மாமாவை அங்கே கொண்டுபோகவில்லை. எங்கள் வீட்டுச் சாய்ப்பில் படுக்கவைத்தார்கள். அவருக்கென்று ஒரு அலுமினியத் தம்ளர். ஆச்சி அதில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, மதில்மேல் வெயிலில் கவிழ்த்துவைப்பாள். "ஆராவது கேட்டா வெறும் சளின்னு சொல்லணும் மக்களே, என்னா?" என்பாள். மாமா மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948-இல் திருவனந்தபுரத்தில் இந்த டி.பி.யில்தான் போனார். வயது 42. ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கண்டுபிடித்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. மாமாவின் காலத்திலோ மாத்திரை வந்துவிட்டது. 1956-இல் சென்னையில் டி.பி. ஆராய்ச்சி மையம் தொடங்கி, நோயாளிகளில் பாதிப் பேருக்கு வீட்டிலும் பாதிப் பேருக்கு சானடோரியத்திலும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் அதேபோலக் குணமானார்கள். மருந்து தொடங்கியபின் அவர்களோடு இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவில்லை. அதற்குப்பின் உலகமெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இருமலில் கிளம்பிக் காற்றில் பரவும் கிருமி அது. தம்ளரை எத்தனை தடவை கழுவியும் என்ன? சாய்ப்புக்கு ஒரு ஜன்னல் வைத்திருக்கலாம்.

இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளி கொடுக்க மூடிபோட்ட சின்ன டப்பாவைக் கையில் தருகிறார்கள். அண்டியாபீசில் (முந்திரி ஆலையில்) வேலைபார்க்கும் ஒரு பெண் அதை வாங்கிக்கொண்டே, "வீட்டுக்கு மட்டும் வந்திராதீங்க சிஸ்டர், மாமியாருக்குத் தெரியாது" என்று கெஞ்சினாள். ஆச்சியின் குரல் அதில் அப்படியே கேட்டது.

உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர். நம்மூர் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்டால், பதிவேட்டில் சளி கொடுத்தவர்கள் கணக்குத்தான் இருக்கும். அதனால் சர்க்கரை உள்ளவர்கள், சரியாகச் சாப்பாடு இல்லாதவர்கள், கூச்சத்தால் வராதவர்கள் எல்லாரும் முன்வந்து சோதித்துக்கொள்ள வேண்டும். ஆறு மாத மருந்து இலவசம்; விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலும் குணமாகும். இருமலை வெளியே சொன்ன வீட்டில் பெண்ணெடுக்க நாம் தயங்காதிருந்தால், இன்னும் பல பேர் அந்த டப்பாவைக் கேட்டு வாங்குவார்கள்.