நோயாளியின் காலப்பிரமாணம்

ராணுவ வாத்தியக் கோஷ்டியில் சேருகிறவனுக்கு இரண்டு விதமான நடைகளைக் கற்பிக்கிறார்கள். ஒன்று அணிவகுப்பு நடை. நிமிஷத்துக்கு 120 அடி என்ற கணக்கில் டிரம் ஒலிக்க, நூற்றுக்கணக்கான பேருடைய இடக்கால்கள் ஒரே க்ஷணத்தில் தரையில் விழ வேண்டும். மற்றொன்று ஸ்ட்ரெச்சர் நடை. யுத்த காலத்தில் வாத்தியத்தை வைத்துவிட்டுக் காயம்பட்டவர்களைச் சுமக்கும் கடமை வாத்தியக்காரர்களுடையது என்பது நம் ராணுவத்தின் நெடுநாளைய சம்பிரதாயமாதலால், அந்த நடையையும் நாங்கள் அப்பியாசம் செய்தோம். அதில் முன்னால் பிடிப்பவன் இடக்காலை எடுத்து வைத்தால் பின்னால் பிடிப்பவன் வலக்காலை எடுத்து வைக்க வேண்டும்; இருவரும் ஒரே காலை வைத்தால் ஸ்ட்ரெச்சர் ஊஞ்சலைப் போல் ஆடி, அதில் கிடப்பவனுடைய புண்ணை வருத்தும். சேர்ந்து நடப்பதற்கென்றே பழகிய கால்கள் ஒருவனுடைய வேதனையை முன்னிட்டு அடி மாறி நடக்க வேண்டும் என்ற இந்த நியமத்தின் முழுப் பொருளும் எனக்கு விளங்க இருபது வருஷங்கள் ஆயின.

நான் தஞ்சை ஜில்லாவில் தவில் வாசிக்கும் குடும்பத்தில் பிறந்தவன். வறுமையினால் பதினெட்டாம் வயதில் ராணுவத்தில் சேர்ந்து, வெல்லிங்டனில் பயிற்சி முடித்து, பச்மரியில் உள்ள ராணுவ சங்கீதப் பள்ளியில் சைடு டிரம் கற்றேன். கரியப்பா பிரதம சேனாதிபதியாக இருந்தபோது 1950ஆம் வருஷத்தில் ஆரம்பிக்கப்பட்ட பள்ளி அது. தவிலின் வலப்புறத்தில் விரல்களுக்குக் கூடு மாட்டிக்கொண்டு பழகிய கை, இரண்டு குச்சிகளைப் பிடித்துச் சீரான உருட்டுச் சத்தம் எழுப்பக் கற்றுக்கொள்ள எட்டு மாதம் பிடித்தது.

எங்கள் படைப்பிரிவிலிருந்த நண்பன் ஒருவன் தலையில் அடிபட்டுப் பேச்சிழந்து கிடந்த நாட்களில், அவனுக்குத் துணையாக மருத்துவமனையில் இருந்தேன். தண்ணீர் வேண்டும் என்று சொல்ல வராதவன், தன் ஊர்க் கும்மிப் பாட்டின் முதலடியை நான் முணுமுணுத்தபோது இரண்டாமடியைச் சொற்களோடு பாடினான். பேச்சு மூளையின் இடப்பாகத்தில் சிதைந்த பின்பும் பாட்டு பல சமயம் பிழைத்திருக்கும் என்பதையும், அதைப் பற்றுக்கோடாகக் கொண்டு பேச்சை மீட்கும் முறையொன்று 1973இலேயே அமெரிக்காவில் வகுக்கப்பட்டதென்பதையும் பிற்பாடுதான் படித்தறிந்தேன். இரண்டாம் உலக யுத்தத்தில் காயமுற்ற சிப்பாய்களுக்கு மருத்துவமனைகளில் சங்கீதம் பயன்பட்டதிலிருந்து சங்கீத சிகிச்சை என்ற தொழில் உருப்பெற்றதும், மிச்சிகன் மாநிலத்தில் 1944இல் அதற்கென்று பட்டப்படிப்பு ஏற்பட்டதும் தெரிந்தபோது, இது எனக்கு அந்நியமான வித்தையல்ல என்ற தைரியம் உண்டாயிற்று.

ஆனால் தைரியம் வேறு, அவகாசம் வேறு. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கப் பதிவு செய்தேன். பாடப் புத்தகங்கள் தபாலில் வரும். நான் மாற்றலாகிப் போயிருந்தால் பழைய முகாமுக்குப் போய், அங்கிருந்து முகவரி திருத்தப்பட்டு, பரீட்சைக்குச் சில தினங்களுக்கு முன் வந்து சேரும். பரீட்சைகளோ ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கின்றன. ஜனவரி 29ஆம் தேதி டில்லி விஜய் சௌக்கில் நடக்கும் பாசறை திரும்பும் வைபவத்துக்காக வாத்தியக் கோஷ்டிகள் ஒத்திகைக்குப் புறப்படும் காலமும் டிசம்பரே. மூன்று டிசம்பர்கள் எனக்கு இவ்விதம் கழிந்தன. வருஷ விடுமுறை 60 நாளில் பாதியை வீட்டுக்கும் பாதியை மருத்துவமனைப் பயிற்சிக்குமாகப் பங்கிட்டேன். அந்தப் பங்கீட்டில் குறைந்த பங்கைப் பெற்றவள் என் மனைவி; குறை சொல்லாமல் பெற்றாள் என்பதை நன்றியோடு இங்கே எழுதுகிறேன்.

பயிற்சிக்கு இடம் கேட்டுப் போன ஓர் இடத்தில், “நோயாளிகளுக்குப் பாட்டுப் போட எங்களிடம் ஸ்பீக்கர் இருக்கிறதே” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த எண்ணம் இன்றும் பலரிடம் இருக்கிறது. பாட்டைக் கேட்கச் செய்வது உபசாரம். சிகிச்சை அதனின் வேறானது. நோயாளியால் இன்றைக்கு எது முடிகிறது என்று அளந்து, எதை அடைய வேண்டும் என்று வைத்தியரோடு கலந்து நிர்ணயித்து, அதற்கேற்ற லயத்தையோ ராகத்தையோ பிரயோகித்து, விளைவை நாள்தோறும் குறித்துவைப்பதே சிகிச்சையாகும்.

நானே அதை மறந்த நாள் ஒன்றுண்டு. மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து தலையில் அடிபட்டு, வலக்கால் இழுத்துக்கொண்ட ஒரு லான்ஸ் நாயக், திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை, இயன்முறை மருத்துவரின் அறையில் இரண்டு கம்பிகளுக்கிடையே நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். படைவீரனுக்குப் படையின் தாளமே உற்சாகம் தரும் என்று நினைத்து, அணிவகுப்பு கதியில் டிரம் வாசித்தேன். அவன் இரண்டடி வைத்தான். மூன்றாவது அடி வரவில்லை. கம்பியைப் பிடித்தபடி தலை குனிந்து, “அந்த அடி வேண்டாம்ணே. இந்தக் கால் அதுக்கு வராது” என்றான்.

குச்சிகளைக் கீழே வைத்தேன். அன்றிரவு என் தகப்பனார் சொன்னது நினைவுக்கு வந்தது. நாகஸ்வரக்காரருடைய மூச்சைப் பார்த்து வாசி, உன் கையைப் பார்த்து வாசிக்காதே என்று சிறு வயதில் அவர் எத்தனையோ தடவை கண்டித்திருக்கிறார். மறுநாள் டிரம்மைத் தொடாமல், கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அவன் அடிகளை எண்ணினேன்: நிமிஷத்துக்கு 46. ஒரு மரப்பலகையில் விரலால் 46 தட்டினேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். நாலு நாள் அதே கதி; பிறகு 48; அது நிலைத்த பின் 50. பதினோராம் வாரத்தில் 72 அடியில், கம்பியைப் பிடிக்காமல் வாசல் வரை நடந்தான்.

இது என் கண்டுபிடிப்பு அன்று. 1990களில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தௌட் என்பவரும் அவருடைய சகாக்களும் பக்கவாதக்காரர்களையும் பார்க்கின்சன் நோயுள்ளவர்களையும் கொண்டு ஆராய்ந்து காட்டிய முறை இதுவே. காதில் விழும் சீரான தாளம் மூளையின் இயக்கப் பகுதிகளை எட்டி, அடுத்த அடி எப்போது என்பதை முன்கூட்டியே உணர்த்துவதால் தசைகள் அதற்கு ஆயத்தமாகின்றன. அந்தத் தாளம் நோயாளியின் சொந்த நடையில் தொடங்கி, நூற்றுக்கு ஐந்து, பத்து என்ற அளவிலேயே உயர வேண்டும். மனநோய்க்கும் இதே நியாயந்தான்: நோயாளியின் மனநிலைக்கு ஒத்த சங்கீதத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக மாற்ற வேண்டுமென்று 1940களிலேயே அல்ட்ஷுலர் என்ற அமெரிக்க மனநல வைத்தியர் வகுத்திருக்கிறார். நான் படித்திருந்த இவையெல்லாம் அந்தப் பிள்ளையின் ஒரு வார்த்தையால்தான் என் கைக்கு வந்தன. அணிவகுப்பில் கால் தாளத்துக்குக் கட்டுப்படுகிறது. சிகிச்சையிலோ தாளம் காலைத் தேடிப் போய், அது இருக்கும் இடத்தில் அதைச் சந்தித்து, உடன் நடக்க வேண்டும். பக்கவாத்தியக்காரனின் தர்மமும் ஸ்ட்ரெச்சர் சுமப்பவனின் நடையும் எனக்குக் கற்பித்திருந்தது இதைத்தான்.

22 வருஷ சேவைக்குப் பின் ஓய்வு பெற்று இத்தொழிலையே முழு நேரமாகச் செய்து வருகிறேன். ராணுவ உத்தியோகம் என் படிப்பைத் தாமதப்படுத்தியது உண்மை. ஆனால் ஒரே அடியை ஆயிரம் தடவை அலுக்காமல் அடிக்கும் பொறுமையை வேறெந்தக் கல்லூரியிலும் நான் பெற்றிருக்க முடியாது.

நம் படை முகாம்கள் பலவற்றில் மருத்துவமனையும் வாத்தியக் கோஷ்டியும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் பொறுப்பான அதிகாரிகளை நான் வேண்டிக்கொள்வது இவ்வளவே: இஷ்டமுள்ள ஓர் இளம் வாத்தியக்காரனை வாரத்தில் இரண்டு மணி நேரம் இயன்முறை மருத்துவரின் பக்கத்தில் நிற்க அனுமதியுங்கள். முதல் மாதம் அவன் ஒன்றும் வாசிக்க வேண்டாம். நோயாளிகளின் அடிகளை எண்ணட்டும்.